வைட்டிலாவில் கொதிக்க வேண்டிய கார்

தோப்பும்படிப் பாலத்தின் நடுவில் மறுபடியும் ஆவி கிளம்பியதும் வெங்கிடராமனுக்கு அழுகையே வந்துவிட்டது. கார் கொதித்ததற்காக அல்ல. இங்கேயே கொதித்துத் தொலைத்ததற்காக.

அது வைட்டிலாவில், மகள் மாளவிகாவின் வீட்டு வாசலில் கொதித்திருக்க வேண்டும்.

புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் பெற்றவர்களைக் குங்குமமும் வெற்றிலையுமாக நேரில் வந்து அழைப்பதுதான் குடும்பத்து முறை. மாளவிகா கைபேசியில் அழைப்பிதழின் படத்தை மட்டும் அனுப்பினாள். அவர் போகவில்லை. அவளும் மட்டாஞ்சேரியில் பெற்றவர்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். மனைவி அம்மிணி அவளோடு பேசும்போதெல்லாம் வெங்கிடராமன் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார். "அப்பா சாப்பிட்டாச்சா?" என்ற குரல் போனுக்கு வெளியே கேட்டுவிட்டால் அன்று தூக்கம் வரும்.

முறையாக அழைக்காத வீட்டுக்குப் போவது மானக்கேடு. வழியில் வண்டி கொதித்து, தண்ணீர் கேட்டுப் படியேறுவதை யார் குற்றம் சொல்ல முடியும்?

பாலத்துக்கே வந்த மெக்கானிக் ஷௌகத் அலி குனிந்து பார்த்தார். "சாமி, இது பூரா ஓட்டை. புது ரேடியேட்டர் மாத்திடுவோம்."

"வேண்டாம். வைட்டிலா வரைக்கும் தாங்கினாப் போதும்."

"அதுக்கப்புறம்?"

"பகவான் பாத்துப்பார்."

ஷௌகத் அலி ஓட்டையை அடைத்துக் கொடுத்தார். கார் இந்த முறை பாலம் தாண்டித் தேவரா வரை போய்க் கொதித்தது. போதாக்குறைக்கு, பின்னால் வந்த காரிலிருந்து சம்பந்தி விஸ்வநாத் இறங்கினார்.

"மாளு ஆத்துக்கா?"

"சேச்சே! காத்து வாங்க வந்தேன்."

சம்பந்தி கயிறு கட்டி, காரை மட்டாஞ்சேரிக்கே இழுத்துவந்து விட்டார்.

"தெருவே வேடிக்கை பாத்துதுன்னா!" என்ற அம்மிணி, அன்றே புது ரேடியேட்டர் போடவைத்தாள்.

அதோடு வந்தது வினை. அடுத்த முறை கார் பாலம் தாண்டியது, தேவரா தாண்டியது, மகளின் அடுக்குமாடி வாசலும் வந்தது. சூடு காட்டும் முள் அசையவில்லை. வெங்கிடராமன் அந்தத் தெருவையே சுற்றிச் சுற்றி வந்தார். முதல் கியரில் உறுமவிட்டார். முள் தூங்கியது. கடைசியில் வாசலில் நிறுத்தி, பானெட்டைத் திறந்துவைத்து, முகத்தில் கவலையை வரவழைத்துக்கொண்டார்.

"வண்டி கொதிச்சுடுத்துப்பா," என்றார் காவலாளியிடம். "மாளவிகா வீட்டுல கொஞ்சம் தண்ணி வாங்கிக்கறேன்."

காவலாளி எட்டிப் பார்த்தான். "புகையே காணலியே சார்? சேச்சியும் இல்ல. ஸ்கூட்டர் எடுத்துட்டுக் காலைலயே போயாச்சு."

வெங்கிடராமனின் முதுகு முதல் முறையாகக் கொஞ்சம் வளைந்தது. இத்தனை பாடுபட்டு வந்தும் பூட்டிய கதவா?

அப்போது கைபேசி அடித்தது. அம்மிணியின் குரல் வாசல் முழுக்கக் கேட்டது.

"ஏன்னா, எங்க போனேள்? நம்ம வாசல்ல மாளு நிக்கறா! வழியில ஸ்கூட்டர் கொதிச்சுடுத்தாம், ஒரு சொம்பு தண்ணி வேணுமாம். நான் கொடுத்தா வாங்கிக்க மாட்டேங்கறா. அப்பாதான் எடுத்துண்டு வரணுமாம்!"

வெங்கிடராமன் பானெட்டைப் படாரென்று மூடினார். 

காவலாளி தலையைச் சொறிந்தான்.

"சேச்சியோடது கரண்டு வண்டியல்லோ சார்? அதுக்கு எதுக்குத் தண்ணி?"