அடிப்பிடித்த இரண்டாயிரம் ஆண்டுகள்

ஸ்கொட்லாந்துக்கு ஒரு வரலாறு உண்டு என்பதை அந்த நாட்டாரே அரைமனதாக நம்பிக்கொண்டிருந்த காலத்தில், அந்த வரலாற்றைக் கையில் ஏந்தி, கழுவித் துடைத்து, உலகின் முன் பளபளவென்று நிறுத்திய பெருமை மொன்றியல் பைந்தமிழ்ச் சங்கத்தையே சாரும். இதில் மிகை ஒன்றும் இல்லை. கழுவப்பட்டதைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

இந்தச் சாதனையின் வேரில் நின்றவர் சங்கத்தின் செயலாளர் சிவானந்தம். மட்டக்களப்புக்காரர். டோர்வல் விமான நிலையத்துச் சமையற்கூடத்தில், விமானப் பயணிகளின் சாப்பாட்டுத் தட்டில் வெண்ணெய்க் கட்டியை வைக்கும் பொறுப்பான பதவியில் இருந்தார். அதிகம் பேசமாட்டார். அவரிடம் ஒரு கேள்வி கேட்டால் நிச்சயம் பதில் வரும். ஆனால் அது வருவதற்குள் கேட்டவர் பஸ் ஏறிப் போயிருப்பார். பேசுவதற்கு முன் வாக்கியத்தை மனதுக்குள் ஒருமுறை முழுதாகச் சொல்லிப் பார்ப்பது அவர் வழக்கம். அதில் ஒரு குறை கண்டால் மறுபடி தொடக்கத்திலிருந்து.

கனடாவுக்கு வந்த முதல் பனிக்காலத்தில் குளிருக்கு ஒதுங்கி ஒரு நூலகத்துக்குள் நுழைந்தார். அங்கே ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்த அலுமாரி ஸ்கொட்லாந்து வரலாறு. ஹீட்டரைச் சீன வரலாற்றுக்குப் பக்கத்தில் பொருத்தியிருந்தால் இந்தக் கதை வேறு திசையில் போயிருக்கும். கை சூடாவதற்காக எடுத்த புத்தகத்தைக் கை சூடான பிறகும் அவர் கீழே வைக்கவில்லை. கற்கோட்டைகள், சதுப்பு நிலத்தில் புதைந்த படகுகள், யாரும் வாசிக்க முடியாத குறிகள் வெட்டிய நடுகற்கள். வாசிக்க முடியாத கற்களின் மேல் அவருக்குத் தனி மரியாதை. அவையும் ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்தியவை போல இருந்தன.

அந்த வாசிப்பு அவரைச் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் உள்ள கிளென்ஃபர்ன் இல்லத்துக்குக் கொண்டு சேர்த்தது. ஸ்கொட்லாந்துக் குடியேறிகள் கப்பலில் கொண்டுவந்த பழம்பொருட்களை வைத்திருக்கும் சிறிய வீடு அது. பொறுப்பாளர் மிஸ் மக்ஃபேல். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஒரு வெண்கலப் பாத்திரத்துக்கு இரண்டு பக்கமும் அமர்ந்து, தேநீர் குடித்து, பிற்பகல் முழுவதும் பேசாமல் இருப்பார்கள்.

"அங்க போய் அந்த மனிசியோட என்ன கதைக்கிறனீங்கள்?" என்று மனைவி அருளம்மா ஒருநாள் கேட்டாள்.

"ஒண்டும் கதைக்கிறேல்ல."

"அதுக்கு வீட்டிலயே இருக்கலாமே. இங்கயும் அதைத்தானே செய்யிறீங்கள்."

ஆனால் அந்த மௌனத்தில் ஒரு பலன் விளைந்துகொண்டிருந்தது. வசந்தத்திலிருந்து இல்லத்துக்கு ஒரு காவலாளர் தேவை என்றும், சிவானந்தத்தின் பெயரை நிர்வாகத்திடம் சொல்லியிருப்பதாகவும் மிஸ் மக்ஃபேல் சொன்னார். சிவானந்தம் அன்று இரவு தூங்கவில்லை. வாழ்நாள் முழுக்க வெண்ணெய்க் கட்டி வைக்காமல், இரண்டாயிரம் ஆண்டுப் பழைய பொருட்களுக்கு நடுவே சம்பளத்தோடு சும்மா இருக்கலாம். அவர் இதுவரை எதையுமே இவ்வளவு விரும்பியதில்லை.

சிவானந்தத்தின் மேல் வைத்த அந்த நம்பிக்கையில்தான் மிஸ் மக்ஃபேல், சங்கத்தின் பொங்கல் விழாவில் காட்சிக்கு வைக்க அந்த வெண்கலப் பாத்திரத்தையே இரவல் கொடுத்தார். சதுப்பு நிலத்தில் இரண்டாயிரம் ஆண்டு கிடந்து பச்சை பூத்த பாத்திரம். அடியில் கறுப்பாக ஒரு படிவு.

"இந்தக் கருகல்தான் முக்கியம்" என்றார் அவர். "அந்த மக்கள் கடைசியாகச் சமைத்த சாப்பாடு. வசந்தத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய வருகிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள். யாரும் தொடக்கூடாது. சொல்லிவிடுவீர்களா?"

சிவானந்தம் தலையசைத்தார். சொல்ல வேண்டிய வாக்கியத்தை வரும் வழியிலேயே மனதுக்குள் தொடங்கிவிட்டார்.

மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணம் கனடாவிலிருந்து பிரிவதா என்று வாக்களித்து, மயிரிழையில் பிரியாமல் போன சில மாதங்களுக்குப் பின் இது நடந்தது. பிரிவது எப்படி என்று எங்கள் சங்கத்தைக் கேட்டிருந்தால் கியூபெக்குக்கு அவ்வளவு சிரமம் இருந்திருக்காது. சங்கம் அதற்குள் மூன்று முறை பிரிந்திருந்தது. எஞ்சியவர்கள் தலைவர் சுந்தரராஜன் வீட்டு பேஸ்மென்டில் கூடினார்கள். சுந்தரராஜன் தமிழ்நாட்டுக்காரர், ஓய்வுபெற்ற உலோகப் பொறியாளர். அவர் வீட்டில் திருடர் எச்சரிக்கை மணி இருந்ததால் பாத்திரம் விழா வரை அங்கேயே தங்குவது என்று ஏற்பாடு.

தலைவர் பாத்திரத்தைச் சுற்றி வந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றினார். இறக்கினார்.

"இது நம்ம பொங்கல் பானை" என்றார்.

கூட்டம் மூச்சை அடக்கியது.

"எல்லாம் பொருந்தி வருது, பாருங்க. மக்டொனால்ட், மக்ஃபேல்... 'மக்'குன்னா மகன்னு அவங்களே ஒத்துக்கறாங்க. கடைசி எழுத்து கப்பல்ல வர்றப்போ உதிர்ந்துபோச்சு, அவ்வளவுதான். இடுப்புல துணி சுத்தறாங்க. விசேஷத்துக்கு ஒருத்தர் கன்னம் உப்பக் குழல் ஊதறார். கூட்டம் கூட்டமா பிரிஞ்சு முன்னூறு வருஷமா அடிச்சுக்கறாங்க. இதுக்கு மேல என்ன சார் ஆதாரம் வேணும்?"

"ஒரு திருத்தம்" என்று பொருளாளர் அருமைராசா எழுந்தார். யாழ்ப்பாணத்தார். திருத்தம் இல்லாமல் அவர் எழுந்ததே கிடையாது. "அவையள் கட்டுறது கட்டம் போட்ட துணி. கட்டம் போட்டால் அது சாரம். சாரம் கட்டுறது நாங்கள். நீங்கள் வேட்டிக்காரர். ஆனபடியால் ஸ்கொட்லாந்தார் யாழ்ப்பாணத்தார் எண்டு தீர்மானத்தில வரவேணும்."

"அருமைராசா, எங்க ஊர்லயும் கட்டம் போட்ட லுங்கி உண்டு."

"அது நித்திரைக்குக் கட்டுறது, தலைவர். அவையள் யுத்தத்துக்கே கட்டிக்கொண்டு போனவை."

இந்த நுட்பமான தொல்லியல் விவாதம் இரண்டு தட்டு வடை முடியும்வரை நீடித்தது. இறுதியில் ஸ்கொட்லாந்தின் வட பகுதி யாழ்ப்பாணத்தாருக்கும் தென் பகுதி தமிழ்நாட்டாருக்கும் என்று சுமுகமாகப் பிரிக்கப்பட்டது. மட்டக்களப்பாருக்கு ஏதாவது தீவு பார்த்துக் கொடுக்கலாம் என்றார் தலைவர்.

"ஆட்சேபனை உண்டா?"

சிவானந்தத்திடம் ஆட்சேபனை இருந்தது. 'இது இரண்டாயிரம் ஆண்டுப் பழைய பாத்திரம், இதைத் தொடக்கூடாது' என்று தொடங்கினார், மனதுக்குள். 'கூடாது' கொஞ்சம் கடுமையாகத் தெரிந்தது. 'தொடாமல் இருப்பது நல்லது' என்று மாற்றினார்.

"ஏகமனதாக நிறைவேறியது" என்றார் தலைவர். "செயலாளர் எழுதிக்கோங்க."

சிவானந்தம் எழுதினார்.

"அடுத்தது" என்றார் தலைவர். "நம்ம முன்னோர் பானையை இப்படிப் பாசி பிடிச்ச கோலத்துல மேடை ஏத்தறதா? டாக்டர்கள் எல்லாம் குடும்பத்தோட வர்றாங்க."

"மற்றச் சங்கக்காரரும் வருவினம்" என்றார் அருமைராசா. "உந்தப் பானையைப் பாத்திட்டுப் பாத்திரம் கழுவத் தெரியாத சங்கம் எண்டு ஊர் முழுக்கக் கதைப்பினம்."

இதைவிடப் பெரிய அபாயம் சங்கத்துக்கு இல்லை. பேஸ்மென்டில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தலைவரின் மனைவி அனுசூயா பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அடியில நல்லா பிடிச்சிருக்குங்க. விழாவுக்கு முந்தின நாள் ராத்திரியே ஊறப் போட்டாத்தான் வரும்" என்றாள்.

"புளி" என்றார் தலைவர். "அதுல இருக்கற அமிலம் பச்சையைக் கரைச்சுடும். சுத்தமான விஞ்ஞானம். ஆட்சேபனை உண்டா?"

சிவானந்தத்தின் வாக்கியம் இப்போது ஏறக்குறைய ஆயத்தம். 'தலைவர் அவர்களே' என்று தொடங்குவதா, 'ஐயா' என்று தொடங்குவதா என்பது மட்டுமே மிச்சம். வாய் திறந்தது. அதைப் பார்த்த அனுசூயா, பசிக்கிறது போலும் என்று ஒரு வடையைக் கையில் கொடுத்தாள். மறுக்க இன்னொரு வாக்கியம் தேவைப்பட்டது.

"ஏகமனதாக."

சிவானந்தம் வடையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு எழுதினார்.

அதற்குப் பிந்திய நாட்களில் டோர்வலில் பல தட்டுகளில் வெண்ணெய் இருக்க வேண்டிய மூலையில் வெண்ணெய் இல்லை. சிவானந்தம் தலைவர் வீட்டுக்கு மூன்று முறை தொலைபேசி எடுத்தார். மூன்று முறையும் அனுசூயா "ஹலோ, யாருங்க, ஹலோ?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். மூன்றாம் முறை, யாரோ பெருமூச்சு விடுகிறான், போலீஸில் சொல்லலாமா என்று கணவரிடம் கேட்டாள்.

"தலைவர் உங்கட பானையைக் கழுவப்போறாராம், அனுசூயா அக்கா சொன்னா" என்றாள் அருளம்மா. "நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"சொல்லத்தான் இருந்தனான்."

"எப்ப?"

சிவானந்தம் அந்தக் கேள்வியை நியாயமான கேள்வி என்று கருதி யோசிக்கத் தொடங்கினார். அருளம்மா விளக்கை அணைத்தாள்.

விழா செயின்ட்-மிஷேலில் ஒரு தேவாலயத்தின் கீழ் மண்டபத்தில் நடந்தது. மேடையில் வாழைக்கன்றுக்குப் பதில் காகிதத்தில் வெட்டிய வாழைக்கன்று, நடுவில் பாத்திரம். அடடா! இரண்டாயிரம் ஆண்டுகளை ஒரே இரவில் கழற்றிப் போட்டுவிட்டு, நேற்றுத்தான் கடையில் வாங்கியதுபோல ஜொலித்தது. கழுத்தில் மஞ்சள் கொத்து. நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் குங்குமம். தோளே இல்லாத அதற்குப் பொன்னாடையும் போர்த்தியிருந்தார்கள். அருகில் போய்க் குனிந்தவர்கள் தங்கள் முகம் அதில் தெரிவதைக் கண்டு, தலை சீவிக்கொண்டு, "சந்தேகமே இல்லை, நம்மட ஆக்கள்தான்" என்றார்கள்.

மிஸ் மக்ஃபேல் பனிக்காலணியோடு உள்ளே வந்தார். மேடைக்கு முன்னால் நின்றார். அவருடைய மௌனங்கள் எல்லாவற்றையும் அறிந்தவர் சிவானந்தம். இது அவற்றில் எதுவும் இல்லை.

"உள்ளே இருந்த கருகல்?" என்றார் மெல்ல.

"கவலையே வேண்டாம் மேடம்" என்று தலைவர் ஆங்கிலத்தில் அறிவித்தார். "துளிகூட விடவில்லை. என் மனைவி தேங்காய் நார் போட்டுச் சுரண்டினாள். உங்கள் முன்னோர் சமைத்ததும் அடிப்பிடிக்க விட்டுவிட்டார்கள். பாவம், குளிர் நாடு. நாங்கள் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அழுக்காகக் கொடுப்பதில்லை. அது எங்கள் பண்பாடு."

"யார் அனுமதித்தது?"

"ஏகமனதான தீர்மானம். செயலாளரே எழுதியிருக்கிறார்."

மிஸ் மக்ஃபேல் சிவானந்தத்திடம் திரும்பினார். கோபம் இல்லை. அது இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

"அந்த வேலை என்னவென்று நீங்கள் கேட்டதே இல்லை" என்றார். "பெரிதாக ஒன்றும் இல்லை. நாள் முழுக்க நீங்கள் விரும்பியபடி பேசாமல் இருக்கலாம். யாராவது கையை நீட்டினால் மட்டும், 'தொடாதீர்கள்' என்று சொல்ல வேண்டும். அந்த ஒரே ஒரு சொல்."

பாத்திரத்தைப் பொன்னாடையிலேயே சுற்றி எடுத்துக்கொண்டு படியேறிப் போனார். சிவானந்தத்தின் மன்னிப்பு, எழுவாய் பயனிலை எல்லாம் சரிபார்க்கப்பட்டு உதட்டுக்கு வந்தபோது, மேலே தெருவில் கார் பனியை உழுதுகொண்டு போகும் சத்தம் கேட்டது.

சங்கம் மனம் தளரவில்லை. தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"மேடம் உணர்ச்சிவசப்பட்டுப் போயிட்டாங்க. வேரைக் கண்டுபிடிச்ச யாருக்கும் அப்படித்தான் இருக்கும். இந்தக் கண்டுபிடிப்புக்கு ஆரம்பத்திலேர்ந்து ஒரு வார்த்தை குறுக்கே பேசாம ஒத்துழைச்ச நம்ம செயலாளருக்கு, 'தொல்லியல் தோன்றல்' என்கிற பட்டம் கொடுத்துப் பொன்னாடை போர்த்தணும்னு முன்மொழியறேன்."

சங்கத்தில் பொன்னாடைக்கு என்றும் பஞ்சம் இருந்ததில்லை. இன்னொன்று வந்தது. தலைவர் அதை விரித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் நீட்டி, சிவானந்தத்தை நெருங்கினார்.

"தொடாதேங்கோ!"

மண்டபம் அதிர்ந்தது. காகித வாழை ஆடியது. பின்வரிசையில் தூங்கிய குழந்தை அழத் தொடங்கியது. சிவானந்தம் இவ்வளவு உரத்துப் பேசி அருளம்மாகூடக் கேட்டதில்லை. அவருக்கே தன் குரல் புதிதாக இருந்தது.

"தலைவர்," என்றார் அருமைராசா, "இது ஆட்சேபனையோ?"

சுந்தரராஜன் பொன்னாடையை இன்னும் அகலமாக விரித்தார்.

"சேச்சே. இது அடக்கம்" என்றார். பொன்னாடை சிவானந்தத்தின் தோளில் விழுந்தது. கைதட்டல் எழுந்தது. "ஏகமனதா நிறைவேறியது. செயலாளர் எழுதிக்கோங்க."

சிவானந்தம் பேனாவின் மூடியைக் கழற்றினார். தனக்கே உரிய அழகான கையெழுத்தில், ஒரு பிழையும் இல்லாமல், 'ஏகமனதாக' என்று எழுதினார்.