ஓட ஓட ஏறிய பெட்ரோல்

கூச்ச சுபாவம் உள்ளவன் கார் வாங்கவே கூடாது. வாங்கித் தொலைத்தாலும் அதன் ஒயரைத் தன் கையால் தொடக் கூடாது. நான் இரண்டையும் செய்தவன். அப்படியும் எங்கள் பக்கத்துச் சனங்களுக்கு முன்னால் தலை நிமிர்ந்துதான் நடக்கிறேன். (பொய். குனிந்துதான் நடக்கிறேன்.)

நான் இளம்பிள்ளையில் தறி ஓட்டுகிறவன். படிப்பு பத்தாவதோடு சரி. என் பழைய காரின் இன்ஜின் ஒரு நாள் இறுகிப்போய் நின்றுவிட்டது. மெக்கானிக் பழைய இரும்புக் கடையில் தேடி வேறொரு காரின் இன்ஜினைக் கொண்டுவந்து உள்ளே உட்கார வைத்தார். ஒயர்களை மட்டும் பாம்புக் கூட்டம் போலத் தொங்கவிட்டபடி சொன்னார்:

"இந்த இன்ஜினுக்குக் கண்ணு, காது எல்லாம் சென்சாருதானுங்க. அந்த வேலைக்கு எலக்ட்ரீசியன் திங்கக்கெழம வருவாரு. அதுவரைக்கும் கைய வச்சுப்போடாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை என் தங்கை சாந்தியின் மகளுக்குக் காதுகுத்து. பரமத்தி வேலூரில் விசேஷம். நான் ஒரே தாய்மாமன். என் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்த வேண்டும். கல்யாண வீட்டில்கூடத் தூணுக்குப் பின்னால் நின்று சாப்பிட்டுவிட்டு வருகிற எனக்கு, வாழ்க்கையில் முதல்முறையாக நடுவில் உட்கார ஓர் இடம். சீர்த்தட்டுகளோடு காரில் போய் இறங்குவதாகத் தங்கையிடம் வாய் விட்டிருந்தேன்.

அதனால் கையை வைத்துப்போட்டேன்.

எங்கள் தொழிலில், தறியில் நெடுக ஓடுகிற பாவு நூல் தீர்ந்தால் புதுப் பாவின் நூலைப் பழைய நூலோடு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்ப்போம். சிவப்புக்குச் சிவப்பு, பச்சைக்குப் பச்சை. நிறம் எங்களிடம் பொய் சொன்னதே கிடையாது. ஆயிரக்கணக்கான இழைகளைச் சேர்த்த கைக்கு இந்தக் கொத்து ஒயர் எம்மாத்திரம்? சிவப்பைச் சிவப்போடும் நீலத்தை நீலத்தோடும் சேர்த்தேன். (கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?)

சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. தேடிப் பார்த்ததில் இரண்டு வெள்ளை ஒயர்கள் அநாதையாகக் கிடந்தன. அவற்றையும் முறுக்கிவிட்டேன். கார் உறுமியது. சந்தோஷத்தில் பிரேக்கை மிதித்தேன்.

"பாம்ம்ம்!"

பிரேக் விளக்குக்குப் போக வேண்டியது ஹாரனுக்குப் போயிருந்தது. என் மனைவி கமலா வெளியே ஓடிவந்தாள்.

"ஏனுங்க, எதுக்குங்க இந்தக் கத்து கத்துது?"

"பிரேக் போட்டா ஹாரன் தானா அடிக்கும். புது இன்ஜினில்ல? பாதுகாப்பு."

ஞாயிறு காலை கிளம்பியபோது பெட்ரோல் முள் அடியில் படுத்திருந்தது. வழியில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நாலைந்து கிலோமீட்டர் போவதற்குள் முள் மெல்ல எழுந்தது. ராசிபுரம் வரும்போது பாதியைத் தாண்டியிருந்தது.

"ஏனுங்க, முள்ளு ஏறுதுங்களே!"

"டேங்குல தேங்கி நின்னதெல்லாம் இப்பத்தான் இறங்கி வருது" என்றேன். எங்கிருந்து எங்கே இறங்குகிறது என்று அவளும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. பக்கத்தில் இன்ஜின் சூட்டைக் காட்டுகிற சூட்டு முள்ளோ அசையாமல் அடியிலேயே கிடந்தது. பெட்ரோல் நிறைகிறது, இன்ஜின் குளிர்ந்திருக்கிறது. இப்படி ஒரு கார் உலகத்தில் யாருக்கு வாய்க்கும்?

ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. கமலா நிறுத்தச் சொன்னாள். நிறுத்த வேண்டும் என்றால் பிரேக்கை மிதிக்க வேண்டும். மிதித்தால் பங்க்கில் நிற்கிற அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஏற்கெனவே ராசிபுரம் கடைவீதியில், முன்னால் மெதுவாகப் போன பெரியவர் ஒருவர் வண்டியை ஓரங்கட்டி, என்னையும் என் பரம்பரையையும் நன்றாக விசாரித்திருந்தார்.

"முள்ளு பாதிக்கு மேல நிக்குது. எதுக்குப் போடோணும்?" என்று தாண்டிவிட்டேன்.

நாமக்கல் தாண்டி, வேலூருக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது கார் இரண்டு முறை விக்கியது. மூன்றாவது விக்கலில் ஒரு கிலோமீட்டர் கல்லருகே நின்றுவிட்டது.

பெட்ரோல் முள்ளைப் பார்த்தேன். பாதிக்கு மேல். சூட்டு முள்ளைப் பார்த்தேன். ஜில்லென்று கிடந்தது. அப்படியானால் சென்சார்தான்! பட்டுச் சட்டையின் கையை மடித்துவிட்டு, பானட்டைத் திறந்து, முறுக்கிய ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தேன்.

"பஸ்ஸுல போயிரலாமுங்க. எமகண்டம் பொறக்கறதுக்குள்ள குத்தோணுமாம்."

"பைபாஸ்ல எந்த பஸ்ஸு நிக்கும்? இன்னும் ரெண்டே ஒயருதான்."

ரெண்டு ஒயர் இருபதாகி, எதை எதிலிருந்து பிரித்தேன் என்பதே மறந்துபோனது. கமலா தங்கைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அங்கே பின்னாலிருந்து யாரோ, "மாமன் வர்லீன்னா என்ன, எம்பட மடியில உக்கார வைங்க" என்பது கேட்டது. மாப்பிள்ளையின் பங்காளியாம். சாந்தியின் குரல் அதற்கும் மேலே வந்தது:

"எங்கண்ணன் மடியிலதான் குத்தோணும். அண்ணா, நீ அங்கயே இரு. நாங்க வாரோம்."

வந்தார்கள். ஒரு டெம்போ நிறைய. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குழந்தை, ஊசியோடு ஆசாரி, தாம்பாளத்தோடு சொந்தபந்தம். என் கையெல்லாம் கிரீஸ். கூடவே, காலியாகிவிட்ட பந்தியைப் பற்றிச் சமையல்காரர் போனில் போட்ட சண்டை.

சாந்தியின் மாமியார் சுற்றிலும் பார்த்தார். "சாமியில்லாம எப்படீங்க காது குத்தறது?"

பதில் வரும் முன்பே கிலோமீட்டர் கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, தன் கொண்டைப் பூவில் பாதியைச் சூட்டிவிட்டார். அதன் எதிரே பாயை விரித்து என்னை உட்கார வைத்தார்கள். குழந்தை மடிக்கு வந்தது. ஊசி பட்டதும் அது போட்ட சத்தத்தில் போகிற பஸ்ஸெல்லாம் மெதுவாயின. ஜன்னலுக்கு ஒரு தலை. நடுவில் உட்கார ஆசைப்பட்டேன்தான், நாமக்கல் பைபாஸுக்கே நடுவில் என்று நினைக்கவில்லை. ஒரு லாரி டிரைவர் வண்டியை நிறுத்தி இறங்கிவந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லைக் கும்பிட்டார். மாமியார் அவருக்கும் குங்குமம் கொடுத்தார்.

எல்லாம் முடிந்த பிறகு மாப்பிள்ளை காரைச் சுற்றிவந்தார்.

"மச்சான், பெட்ரோல் இருக்குதுங்களா?"

"வண்டி நிக்கறப்பக்கூட முள்ளு பாதிக்கு மேல இருந்துச்சுங்க மாப்பிள்ளை."

அவர் முள்ளை நம்பவில்லை. காரை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி, டேங்கில் காதை வைத்தார்.

"உள்ளாற ஒரு சொட்டு அலம்பக் காணோமுங்க."

யாரும் சிரிக்கவில்லை. அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை. பிறகு கமலாவே ஆரம்பித்து வைத்தாள்.

பெட்ரோல் வாங்கி ஊற்றியும் பயனில்லை; ஒயரையெல்லாம்தான் பிரித்துப் போட்டிருந்தேனே! டெம்போவில் கயிறு கட்டி இழுத்துப் போனார்கள். பிரிக்காமல் விட்டது ஹாரன் ஒயர் ஒன்றைத்தான். டெம்போ மெதுவாகும்போதெல்லாம் நான் பிரேக் போட, "பாம்ம்ம்" என்று மண்டபம் வரை முழங்கிக்கொண்டே தாய்மாமன் சீர் வந்து சேர்ந்தது.

திங்கட்கிழமை, ஊருக்கு இழுத்துவந்த காரையும் பார்த்து, முள் ஏறிய கதையையும் கேட்டுவிட்டு எலக்ட்ரீசியன் தலையைச் சொறிந்தார். "இன்ஜின் சூட்டைப் பெட்ரோல் முள்ளுக்குக் குடுத்துப்போட்டீங்க. பெட்ரோலைச் சூட்டு முள்ளுக்குக் குடுத்துப்போட்டீங்க. சூடு ஏற ஏறப் பெட்ரோல் ஏறாம என்னங்க பண்ணும்?"

அவர் ஒரு மத்தியானத்தில் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டார். சரிசெய்ய முடியாதது அந்தக் கல்தான். முதலில் யாரோ எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பிறகு ஒரு வேல் வந்தது. அப்புறம் தகரக் கூரை. இப்போது லாரிக்காரர்கள் அதை மைல்கல் முனியப்பன் என்கிறார்கள். வண்டி வழியில் நிற்காமல் காப்பாற்றுகிற சாமியாம். மாப்பிள்ளை என்னை எங்கே பார்த்தாலும், "வாங்க தர்மகர்த்தா" என்கிறார்.

போன மாதம் அந்த வழியாகப் போனோம். கல்லின் எதிரே முன்பின் தெரியாத ஒரு குடும்பம், மொட்டைத் தலைக் குழந்தையோடு காது குத்திக்கொண்டிருந்தது.

"பாவமுங்க, போயி விசயத்தச் சொல்லிப்போட்டு வாங்க" என்றாள் கமலா.

இறங்கிப் போனேன். திரும்பி வந்தபோது என் நெற்றி நிறைய விபூதி இருந்தது, கையில் ஒரு வாழைப்பழம்.

"சொன்னீங்களா?"

"பொங்கல் ஆகறதுக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆகுமாம். இருந்து சாப்பிட்டுப் போகச் சொல்றாங்க."