காத்து மிலிட்டரிக்கு நான் காயப்போட்ட சேலை

எங்க சுருளிப்பட்டியில காத்து எந்தப் பக்கம் அடிக்கணும், எம்புட்டு அடிக்கணும்னு முடிவு பண்ணுனதே எங்க பக்கத்து வீட்டு காத்து மிலிட்டரிதேன். அவுக கண்ண மூடுன பெறகு, கேக்க ஆளில்லாம அது இஷ்டத்துக்கு அடிக்குது. போன ஆடியில எங்க மாட்டுக்கொட்டத் தகரத்தத் தூக்கிட்டுப் போயி திராட்சத் தோட்டத்துல போட்டுருச்சு. அவுக இருந்திருந்தா போயிருக்குமா?

அவுகளுக்குப் பேருன்னு ஒண்ணு ரேசன் கார்டுல கெடந்துச்சு. பட்டாளத்துல இருந்து வந்தவுக. வந்தும் துப்பாக்கிய விடல. ஆளச் சுடவோ பன்னியச் சுடவோ இல்ல, பந்தயத்துக்கு. முந்நூறு மீட்டருக்கு அங்கிட்டு ஒரு அட்டைய நட்டு, அதுல இருக்குற கருப்பு வட்டத்துக்கு நடுவுல அடிக்கணுமாம். அம்புட்டுத் தூரத்துல எனக்கு எங்க வீட்டுக்காரரே தெரிய மாட்டாரு.

"குறி பாக்குறது பெருசில்ல தங்கச்சி. தோட்டாவ வழியில காத்து புடிச்சுத் தள்ளும். எம்புட்டுத் தள்ளும்னு தெரிஞ்சவந்தேன் ஆளு"ம்பாக.

அந்தப் படிப்ப அவுக படிச்சது எங்கன? எங்க வீட்டு துணிக்கொடியில! அவுக வீட்டு மொட்டமாடியில குப்புறப் படுத்துக்கிட்டு, பைனாகுலர வச்சு, நான் காயப்போட்ட சேலை எம்புட்டுத் தூக்குதுன்னு பாத்து காத்த அளப்பாக. "தங்கச்சீ, அந்தக் கண்டாங்கி வேணாம், கனம், பொய் சொல்லும். ஊதா நைலக்ஸப் போடு!" தெருவுக்கே கேக்கும்.

எங்க வீட்டுக்காரரு ஒரு நா மம்பட்டியோட மாடியேறிட்டாரு. "ஏண்ணே, அடுத்தவன் பொஞ்சாதி சேலைய இப்பிடியா பாப்பாக?"

"சேலைய எவன்யா பாத்தான்? நான் காத்தையில்ல பாக்கேன். வந்து படு!"

இவரும் மம்பட்டிய ஓரமா வச்சுட்டுப் படுத்தாரு. ரொம்ப நேரங் கழிச்சு எறங்கி வந்து என்னயக் கூப்புட்டு, "ஆமாடி, நைலக்ஸுதேன் நல்லாச் சொல்லுது"ன்னாரு. இவரோட நான் என்னத்தச் சொல்ல!

தோட்டாவ மொச்சப்பயறு பொறுக்குற மாதிரி பொறுக்குவாக. ஒண்ணுக்கொண்ணு எடை மாறக் கூடாதாம். கம்பம் டவுனுல நகை செய்யிற ஆசாரிகிட்ட கொண்டு போயி தராசுல வைக்கச் சொல்லுவாக. கம்மல் வாங்க வந்த பொம்பளைக பூராம் எந்திரிச்சு ஓடிரும். ஆசாரிக்கு வேர்த்துக் கொட்டும்.

துப்பாக்கிக்கு வாராவாரம் எண்ணெ. அவுக வீட்டு மதினி எங்கிட்ட வந்து பொலம்பும். "எந்தலைக்கு ஒரு நாளாச்சும் எண்ணெ தேச்சிருப்பாரா? நான் இரும்பாப் பொறக்காமப் போனேனே ஆத்தா!"

பந்தயம் வருதுன்னா காப்பி கெடையாது. நெஞ்சு படபடங்குமாம். நெஞ்சு ஒரு துடிப்புக்கும் மறு துடிப்புக்கும் நடுவுல சும்மா இருக்குமாம்ல, அந்த எடத்துல விரல அமுக்கணுமாம். சிரிக்கவுங் கூடாது. நான் வேணும்னே சிரிப்புக் காட்டுவேன். மூஞ்சியச் செவுத்துப் பக்கம் திருப்பிக்குவாக.

இம்புட்டுப் பாடுபட்டும் மொதப் பரிசு மட்டும் வரவே இல்ல. ஒவ்வொரு தடவையும் கடைசித் தோட்டா இத்துனூண்டு தள்ளிப் போயிரும். ரெண்டாவது பரிசோட வந்து பஸ்ஸ விட்டு எறங்குவாக. கேட்டா, "காத்து ஏமாத்திருச்சு தங்கச்சி"ம்பாக.

கடைசியா ஒரு வருசம், "இந்தத் தடவ விட மாட்டேன். அடுத்த வருசம் ஒடம்பு எப்பிடி இருக்குமோ"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. அந்த நேரம் பாத்து எலெக்‌ஷன் வந்துருச்சு. எலெக்‌ஷன் வந்தா துப்பாக்கி வச்சிருக்கவுக ஸ்டேசன்ல ஒப்படைக்கணும்ல.

"ஏட்டையா, இது அட்டையச் சுடுற துப்பாக்கிய்யா. யாருக்கும் ஓட்டுப் போடாது."

"எல்லாருக்கும் ஒரே ரூல்ஸுதேண்ணே. வச்சுட்டுப் போங்க."

வச்சுட்டு வந்தாக. ஆனா ஆசுபத்திரியில கெடக்குற பிள்ளையப் பாக்கப் போற மாதிரி, எண்ணெப் பாட்டிலத் தூக்கிக்கிட்டு அடிக்கடி போவாக. "ராத்திரி அழுதுச்சாண்ணே?"ன்னு ஏட்டையா கேப்பாராம்.

பழக்கம் விட்டுப் போகக் கூடாதுன்னு வீட்டு ஒலக்கையத் தூக்கிக்கிட்டு மாடியில படுத்துட்டாக. தோள்ல ஒலக்க, ஒரு கண்ண மூடி, மூச்சப் புடிச்சு, எங்க நைலக்ஸப் பாத்து காத்துக்குத் தக்கன குறிய ஒதுக்கி வாயாலயே "டப்!". மதினி மெளகா இடிக்க எங்க வீட்டு ஒலக்கைய வாங்கிட்டுப் போகும்.

ஒரு நா பாக்கேன், ஒலக்க நுனி ஆடுது.

"என்னண்ணே, ஆடுது?"

"இது கனந் தங்கச்சி. துப்பாக்கி வரட்டும், கல்லு மாதிரி நிக்கும்."

ஓட்டெல்லாம் எண்ணி முடிச்ச பெறகு துப்பாக்கி வந்துச்சு. பந்தயத்துக்கு இன்னும் நாள் இருந்துச்சு. எனக்குச் சந்தோசந்தேன். ஊதா நைலக்ஸ அலசிக் கொடியில போட்டுட்டு, காப்பிதேன் ஆகாதேன்னு ஒரு செம்பு மோரு எடுத்துக்கிட்டு மாடிக்குப் போனேன். துப்பாக்கி உறைக்குள்ளயே கெடந்துச்சு. பிரிக்கல.

மோர வாங்குனாக. கையி வெடவெடன்னு ஆடி, பாதி வேட்டியில ஊத்திருச்சு.

"பாத்தியா, என்னா காத்து! இந்த வருசம் காத்து சரியில்ல தங்கச்சி. நான் போகல."

தென்ன மரத்துல ஒரு ஓலை அசையல. கீழ எங்க சேலை செவுத்துல ஒட்டுன மாதிரி தொங்குது. நானும் அதப் பாத்தேன். அவுகளும் அதத்தேன் பாத்தாக.

அப்பறம் மெல்ல, "இனிமே காப்பி குடிக்கலாம்ல?"ன்னாக.

"மதினிகிட்டச் சொல்லிட்டுப் போறேண்ணே"ன்னு விறுவிறுன்னு எறங்குனேன். சொல்லிட்டு, எங்க கொடிக்குப் போயி, கயித்து நுனியப் புடிச்சு ஆட்டுனேன். சேலை நல்லாத் தூக்குச்சு.

"ஆமாண்ணே! பேய்க்காத்தால்ல அடிக்குது!"

மேலயிருந்து, "மேகாத்து தங்கச்சி, மேக்க இருந்து அடிக்குது"ன்னாக.

அவுக வீட்டுல காப்பி மணத்துச்சு. நான் கயித்த விடல.