ஹாரன் சொல்லாமல் விட்ட பெயர்

2014 செப்டம்பர் 13, இரண்டாம் சனிக்கிழமை, ஆபீஸ் விடுமுறை. காலை ஐந்தரைக்கு எழுந்து பால் வாங்கி வந்தேன். முருங்கை மரத்தடியில் கம்பளிப்பூச்சிகளைக் கூட்டித் தள்ளினேன். மதியம் ரசம், அவரைக்காய்ப் பொரியல். மூன்றரைக்குச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, தலை குனியத் தயாராக மைதானத்துக்குப் புறப்பட்டேன்.

காரணம் ஹாரன். நெய்வேலியில் ஷிஃப்ட் சங்குக்கு அடுத்தபடியாக அதிக தூரம் கேட்கும் சத்தம் அவருடையதுதான். சங்காவது ஊதிவிட்டு நிற்கும்.

பக்கத்து ஊரான வடக்குத்தில் மைக் செட் வாடகைக்கு விடுபவர். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாவற்றுக்கும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான். எங்கள் ஊர்க் கல்லூரியின் ஆண்டு விழாவுக்கு செட் கட்ட வந்தவருக்கு, பக்கத்தில் நடந்த கால்பந்துப் பயிற்சி பிடித்துப்போனது. அந்த வருஷ லீக் ஆட்டங்களுக்கு யாரும் கூப்பிடாமலே வந்தார். காசு வாங்காமலே வேப்பமரத்தில் இரண்டு குழாய்களைக் கட்டி வர்ணனையை ஆரம்பித்துவிட்டார்.

கால்பந்து பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கோயில் திருவிழாவில் நன்கொடை அறிவித்துப் பழகிய நாக்கு. தகப்பன் விவரம் இல்லாமல் ஒருவர் பெயரும் அதிலிருந்து வராது.

“பந்து இப்ப யாருகிட்ட? ரெண்டாம் சுரங்கம், கன்வேயர் செக்‌ஷன், ஏழுமலை அவர்களின் இளைய மகன் பாபு! ஓடிகினே இருக்காரு... ஓடிகினே இருக்காரு... பந்து அங்கயே நின்னுடுச்சு!”

ஏழுமலை காண்ட்ராக்ட் தொழிலாளி. சீஃப் இன்ஜினியருக்குக் கிடைத்த அதே சத்தம் அவருக்கும் கிடைத்தது. மைதானத்தில் நாய் புகுந்தால்கூட, “கேன்டீன் தாஸ் அண்ணன் சோறு போட்டு வளர்க்கிற நாய்” என்றுதான் அறிவிப்பு. ஒருமுறை இடைவேளையில் கோச் ரகசியமாகச் சொன்ன திட்டத்தை, “இனிமே இடது பக்கமாவே போகணும்னு கோச்சு சார் சொல்லிக்கிறாரு, பார்ப்போம்” என்று ஊருக்கே ஒலிபரப்பினார். எதிரணி இடது பக்கம் நான்கு பேரை நிறுத்திவிட்டு அவருக்கு ஒரு கும்பிடு போட்டது.

என் மகன் விக்னேஷ்தான் கல்லூரி அணியின் கோல்கீப்பர். அவன் வாங்கிய ஒவ்வொரு கோலிலும் நானும் சேர்ந்து உள்ளே போனேன்.

“உள்ள பூடுச்சு! பதினாறாம் பிளாக், ஸ்டோர்ஸ் சூப்பிரண்டெண்ட் சண்முகவேல் சாரின் ஒரே மகன் விட்டுட்டாரு!”

‘ஒரே’ என்பதை அவர் ஏன் அவ்வளவு அழுத்தினார் என்று தெரியவில்லை. வீட்டில் இருந்தாலும் தப்ப முடியாது. காற்று எங்கள் பக்கம் அடித்தால் சமையலறை வரை கேட்கும். மனைவி எட்டிப் பார்த்து, “மூணாவதுங்க” என்பாள்.

ஆபீசில் பக்கத்து மேஜை பலராமன் காத்திருப்பார். “என்ன சார், ஸ்டோர்ஸ்லேர்ந்து ஒரு போல்ட் வெளிய போக மூணு கையெழுத்து கேக்குறீங்க. அங்க கோல் எல்லாம் கையெழுத்தே இல்லாம உள்ள போகுதாமே?”

நானும் சிரித்தேன். காது மட்டும் சுட்டது. கேன்டீனுக்கு டீ குடிக்கப் போவதை நிறுத்தி, ஃப்ளாஸ்கில் கொண்டுபோக ஆரம்பித்தேன். வீட்டில் காரணம் சொல்லவில்லை. அந்த ஃப்ளாஸ்கை விக்னேஷ் கவனித்திருக்கிறான்.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் சாப்பிடும்போது சொன்னான்: “நாளையோட முடிச்சுக்கறேன்ப்பா. அடுத்த வருஷம் ஆடல.”

“ஏண்டா?”

“சும்மாதான்.”

ஆறாம் வகுப்பிலிருந்து பந்துக்குப் பின்னால் அலைந்த பையன். சும்மா விடுகிறவன் இல்லை.

சனிக்கிழமை ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் முதல் கோல் விழுந்தது. நான் கைக்குட்டையால் முகத்தைத் துடைப்பதுபோல மறைத்துக்கொண்டேன்.

“உள்ள பூடுச்சு! கோல்கீப்பர் விக்னேஷ் விட்டுட்டாரு!”

அவ்வளவுதான். பிளாக் இல்லை, ஸ்டோர்ஸ் இல்லை, சண்முகவேல் சார் இல்லை. இரண்டாவது கோலுக்கும் இல்லை. கூட்டத்துக்குப் பொறுக்கவில்லை.

“யோவ் ஹாரன், அப்பன் பேரு இன்னாய்யா ஆச்சு?”

ஹாரனுக்கு எதையும் மறைத்துப் பேசத் தெரியாது. மைக்கிலேயே பதில் சொன்னார்.

“கோல்கீப்பர் தம்பி காலையில நம்ம வூடு தேடி வந்துச்சு. ‘எங்க அப்பா பேரைச் சொல்லாதீங்கண்ணே, அவருக்கு ஆபீசுல அசிங்கமா இருக்குது’ன்னு கேட்டுக்கினுச்சு. அதனால சொல்லல. பொதுமக்கள் மன்னிக்கணும்.”

மைதானமே என்னைத் திரும்பிப் பார்த்தது. பலராமனும் பார்த்தார், சிரிக்கவில்லை. கோல் கம்பங்களுக்கு நடுவே விக்னேஷ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதுவரை நான் பட்டதெல்லாம் வெட்கமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

வேப்பமரத்தடிக்குப் போனேன். “சொல்லுங்க ஹாரன்.”

“இன்னாத்த சார்?”

“என் பேரை.”

“கோல் உழுந்தாதான சார் சொல்ல முடியும்?”

“விழும். நிக்கிறேன்.”

எங்கள் அணி என்னை அதிக நேரம் காக்க வைக்கவில்லை.

“உள்ள பூடுச்சு! விட்டவரு, பதினாறாம் பிளாக், ஸ்டோர்ஸ் சூப்பிரண்டெண்ட் சண்முகவேல் சாரின் ஒரே மகன் விக்னேஷ்! அப்பா இதோ நம்ம பக்கத்துலதான் நின்னுகினு இருக்காரு! கையத் தூக்குங்க சார்!”

தூக்கினேன். விக்னேஷ் க்ளவுஸ் போட்ட கைகளால் முகத்தை மூடிக்கொண்டான். தோள்கள் குலுங்கின. கையை எடுத்தபோதுதான் சிரிக்கிறான் என்று தெரிந்தது.

நான்காவதும் போனது. ஐந்தாவதைப் பாய்ந்து பிடித்தான். ஹாரன் விடுவாரா? என் பதவியில் தொடங்கி, என்னிடமே கேட்டுக் கேட்டு என் சொந்த ஊர், தாலுகா, மாவட்டம் என்று ஏறிக்கொண்டே போனார். திருநெல்வேலியை எட்டும்போது குரல் கட்டிப்போய், குழாயில் வெறும் காற்றுதான் வந்தது.

ராத்திரி தட்டில் கை வைத்தபடி விக்னேஷ் சொன்னான்: “க்ளவுஸ் பிஞ்சு போச்சுப்பா. அடுத்த வருஷத்துக்குப் புதுசு வேணும்.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எழுந்ததும் முதல் வேலையாக அதிமதுரமும் பனங்கற்கண்டும் பொட்டலம் கட்டிக்கொண்டு, வடக்குத்தில் இருக்கும் அந்தத் தொண்டையைப் பார்க்க சைக்கிளை மிதித்தேன்.