ஒட்டுப்போட்ட கைத்தட்டல்

நன்றாக இருக்கும் ஒன்றை இன்னும் நன்றாக ஆக்கித் தருகிறேன் என்று கிளம்புகிறவர்களை வாசலிலேயே நிறுத்திவிட வேண்டும். திருடன்கூட அவ்வளவு சேதம் செய்ய மாட்டான். அடியேன் அந்த இனம். சுவரில் படம் நேராகத்தான் தொங்கும். அதை இன்னும் நேராக்கப் போய்க் கண்ணாடியை உடைப்பேன். (சந்தேகம் இருந்தால் என் மனைவியைக் கேளுங்கள். காத்துக்கொண்டிருக்கிறாள்.) கண்ணாடியை மாற்றிக்கொள்ளலாம். செல்வினுக்கு நான் செய்ததை இன்றுவரை மாற்ற முடியவில்லை.

அறுபதுகளின் பிற்பாதி. நான் பம்பாயில், மாட்டுங்காவில் குடியிருந்துகொண்டு ஃபோர்ட்டில் ஒரு ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். செல்வின் என் பள்ளித் தோழன். அவன் அப்பாவுக்குத் தாராவியில் மளிகைக் கடை. சர்ச் கொயரில் பாடிப் பாடித் தேறிய குரல் அவனுக்கு. அந்தக் குரலை எடுத்துக்கொண்டு போய் ஒரு ராக் குழுவில் சேர்ந்துவிட்டான். வடாலாவில் டிரம்ஸ்காரன் வீட்டில் ஒத்திகை நடக்கும். எல்லோரும் ஹார்பர் லைன் ரயிலில் வந்து சேர்ந்ததால் குழுவுக்கு ‘தி ஹார்பர் லைன்ஸ்’ என்று பெயர். (ரயிலைப் போலவே குழுவும் சொன்ன நேரத்துக்கு வராது.)

கிதார்க்காரன் லெஸ்லிக்கு ஒரு பயம் உண்டு. தன் விரல் வித்தையை எவனோ திருடப் பார்க்கிறான் என்று நம்பினான். ஆகவே நிகழ்ச்சியில் யாரும் ரிக்கார்டிங் செய்யக் கூடாது என்பது சட்டம். எனக்கோ அத்திம்பேர் ஏடனிலிருந்து கொண்டுவந்த டேப் ரிக்கார்டரை வைத்துக்கொண்டு கை சும்மா இருக்காது. மாட்டுங்கா சபாவில் முன்வரிசைக்கடியில் மைக்கை ஒளித்து வைத்து, வித்வான்களுக்கே தெரியாமல் கச்சேரிகளைப் பதிவு செய்து பழகியவன் நான். மாஹிமில் ஒரு ஹாலில் அவர்கள் வாசித்த சனிக்கிழமை, மேடைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, மைக்கைத் திரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, முழு நிகழ்ச்சியையும் திருட்டுத்தனமாகப் பதிவு செய்துவிட்டேன்.

அன்று அவர்கள் வாசித்தது போல் அப்புறம் வாசிக்கவே இல்லை. கடைசிப் பாட்டு செல்வின் சொந்தமாக எழுதியது. அது முடிந்ததும் கொஞ்ச நேரம் ஹாலில் சத்தமே இல்லை. பிறகு நாற்காலிகள் கரகரவென்று நகர்ந்தன. அதன் பிறகுதான் கைத்தட்டல்.

“எல்லாரும் எந்திரிச்சு நின்னுட்டாவ லே” என்றான் செல்வின் வியர்வையோடு உள்ளே வந்து.

சில மாதங்களில் குழு கலைந்தது. டிரம்ஸ்காரனுக்குக் கப்பலில் வேலை கிடைத்தது. லெஸ்லி கல்கத்தாவுக்குப் போய்விட்டான். செல்வினின் அப்பா என்னைக் கடையில் உட்காரவைத்துப் பேசினார்.

“தம்பி, நான் பாட்டுக்கு எதிரி இல்ல. கோயில்ல அவன் பாடுனா எனக்கும் கண்ணு கலங்கத்தான் செய்யுது. ஆனா இது சோறு போடுமான்னு விவரம் தெரிஞ்சவன் யாராவது சொல்லணும்லா? ரிக்கார்டு கம்பெனிக்காரன் சரின்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், நான் குறுக்க நிக்க மாட்டேன். இல்லன்னா கிறிஸ்மஸ் கழிஞ்சதும் அவன் சாத்தான்குளத்துக்கு ரயில் ஏறிரணும். அங்க அவன் சித்தப்பன் கடையில ஆளில்லாம தவிக்கான்.”

நியாயமான மனிதர். செல்வினும் நடையாய் நடந்து ஒரு ரிக்கார்டு கம்பெனி அதிகாரியிடம் நேரம் வாங்கிவிட்டான். குழு இல்லை, ஆகவே அவனிடம் இருந்த ஒரே சாட்சி என் டேப்தான். “கொஞ்சம் இரைச்சலை மட்டும் சரி பண்ணித் தா” என்றான். அவ்வளவுதான் கேட்டான்.

நான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சவர பிளேடும் ஒட்டு டேப்பும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மைக் மேடையைப் பார்த்துத் தொங்கியதால் கைத்தட்டல் எங்கேயோ கடுகு வெடிப்பது போல் கேட்டது. கடைசிப் பாட்டுக்குப் பின் வந்த மௌனம் மெஷின் நின்றுபோனது போல் இருந்தது. நாற்காலிச் சத்தம் யாரோ வீடு காலி செய்வது போல் இருந்தது. எல்லாவற்றையும் வெட்டிக் குப்பைக் கூடையில் போட்டேன். அந்த இடங்களில் நல்ல கனமான கைத்தட்டல் வேண்டுமே? இருக்கவே இருந்தது சபாக் கச்சேரி டேப். முன்வரிசைக் கைத்தட்டல், காதை அடைக்கும். வெட்டி, ஒட்டி, அழுத்தித் தேய்த்தேன்.

அந்தக் கைத்தட்டலின் நடுவே யாரோ “பேஷ்... பேஷ்!” என்று சொல்வதும் அதையடுத்து ஒரு பெரிய தும்மலும் எனக்குக் கேட்காமல் இல்லை. கேட்டது. களை கட்டுகிறது என்று நினைத்தேன். பேஷ் இல்லாத கைத்தட்டலை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. ஆங்கிலப் பாட்டு கேட்க வந்த மாஹிம் பையன்கள் பேஷ் சொல்ல மாட்டார்கள் என்பது என் மூளைக்கு எட்டவே இல்லை. செல்வினிடமும் சொல்லவில்லை. போய்க் கேட்டு அசந்து போகட்டும் என்று இருந்தேன்.

அதிகாரி சேஷாத்ரி தமிழர். பெயர்ப் பலகையைப் பார்த்ததும் நல்ல சகுனம் என்று மகிழ்ந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கடைசிப் பாட்டின்போது விரல்கள் மேஜையில் தாளம் போட்டன. செல்வின் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினான். பாட்டு முடிந்தது. இடி போல் கைத்தட்டல். பேஷ், பேஷ், தும்மல்.

சேஷாத்ரி கண்ணைத் திறந்தார். “திருப்பிப் போடு.”

போட்டேன். மறுபடியும் போடச் சொன்னார். செல்வினின் பிடியில் என் கை மரத்துப்போயிருந்தது.

“இது எங்கே எடுத்தது?”

“மாஹிம்ல சார், ஒரு டான்ஸ் ஹால்ல.”

“இது என் மாமனார்” என்றார் அவர். “பேஷ்ன்னு சொல்லிட்டுப் பொடி போட்டுண்டு தும்முவார். மாட்டுங்காவில வேற யாரும் இப்படித் தும்மினது கிடையாது. சபாவைத் தவிர வேற எங்கேயும் போகாத மனுஷர். அவர் எப்படிப்பா உங்க டான்ஸ் ஹாலுக்கு வந்தார்?”

செல்வின் என்னைப் பார்த்தான். அந்த முகத்தை விவரிக்க எனக்குத் தைரியம் இல்லை. நான் உளறிக் கொட்டினேன். சேஷாத்ரி பொறுமையாகக் கேட்டார்.

“கைத்தட்டல் மாட்டுங்காவிலேர்ந்து வந்திருக்கு. குரல் எங்கேர்ந்து வந்ததுன்னு நான் எப்படி நம்பறது?”

“குரல் என்னுதுதான் சார்” என்றான் செல்வின்.

“அப்போ பாடு. இங்கேயே, இப்பவே.”

செல்வின் எழுந்து நின்றான். முதல் வரியை ஆரம்பித்தான். குரல் பாதியில் உடைந்தது. மறுபடி ஆரம்பித்தான். பொய்யன் என்று பெயர் வாங்கிய ஐந்தாவது நிமிஷத்தில் எவன் தொண்டைதான் திறக்கும்? சேஷாத்ரி தலையை ஆட்டினார். கோபமில்லாமல்தான் ஆட்டினார். செல்வின் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான்.

நானும் எழுந்தேன். அவர் என்னை நிறுத்தினார். அவர் கண் கலங்கியிருந்தது. “அவர் போன மழைக்காலத்தில தவறிட்டார். அவர் குரல் எங்காத்தில எதிலேயும் இல்லை. அந்த டேப்பைக் கொஞ்ச நாள் தரியா?”

கம்பெனி ஸ்டுடியோவில் தேர்ந்த ஆட்கள் உட்கார்ந்து அந்தத் துண்டின் இரைச்சலை நீக்கி, வேண்டிய அளவு கனம் சேர்த்து, அவருடைய குடும்பத்துக்காக ஒரே ஒரு இசைத்தட்டு போட்டுக் கொடுத்தார்கள். செல்வினுக்குக் கிடைக்க வேண்டிய மரியாதை எல்லாம் ஒரு தும்மலுக்குக் கிடைத்தது. கைத்தட்டலுக்கு முன்னால் கொஞ்சம் விட்டு வெட்டியதில் செல்வின் பாட்டின் கடைசி இரண்டு அடிகளும் அதில் இருந்தன. மீதி டேப்பைத் திரும்ப வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். (என் ஒட்டுகள் அடுத்த மழையில் பிய்ந்து, அந்த டேப் பூஞ்சை பிடித்துப் போயிற்று.) கதவைத் திறந்தது அவர் பெண். “தாத்தா தும்மலை எடுத்தது நீங்கதானா?” என்றாள். பிற்பாடு அவளைத்தான் கல்யாணம் செய்துகொண்டேன்.

செல்வின் கிறிஸ்மஸ் கழிந்ததும் சாத்தான்குளம் போனான். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவன் தூத்துக்குடியில் பெண் எடுத்ததும், கடையைப் பெரிதாக்கியதும் அவன் அப்பா சொல்லித் தெரிந்துகொண்டேன். ஊரில் சர்ச்சில்கூட அவன் பாடுவதில்லை என்பதையும் அவர்தான் சொன்னார்.

மனைவியோடு வந்த அந்த இசைத்தட்டு எங்கள் வீட்டில் நாளும் கிழமையும் ஓடும். கொள்ளுத்தாத்தாவுக்கு இங்கிலீஷ் பாட்டென்றால் உயிர் என்று பிள்ளைகள் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார்கள். நான் ஏதாவது அளக்க ஆரம்பித்தால் போதும், மூலைக்கொருவராக “பேஷ், பேஷ்” என்று சொல்லித் தும்முகிறார்கள்.

பல வருடம் கழித்து, தாராவியில் தங்கை மகள் கல்யாணத்துக்கு வந்த செல்வின் எங்கள் வீட்டுக்கு வந்தான். என் பெரியவன், விவரம் தெரியாமல், விருந்தாளிக்கு வேடிக்கை காட்ட அந்தத் தட்டைப் போட்டுவிட்டான். நான் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன். தும்மல் முடிந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

“இன்னொரு மட்டம் போடு தம்பி” என்று செல்வின் சொல்வது கேட்டது.

பிறகு என்னிடம் வந்தான். “நல்லாத்தான்ல பாடியிருக்கேன்” என்றான். “நான் பாடுவேன்னா என் பிள்ளைங்க நம்பவே மாட்டேங்காவ. இத எனக்கு கேசட்டுல எடுத்துத் தா. வெட்டாத, சேக்காத. இருக்கபடி தா.”

இருக்கிறபடியே எடுத்துக் கொடுத்தேன். இப்போது சாத்தான்குளத்திலும் யாராவது அளந்தால் பேஷ் சொல்லித் தும்முகிறார்களாம். அப்பா பாட்டைக் கேட்க மாட்டுங்காவிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார் என்று அவன் பிள்ளைகள் நம்புகிறார்கள். அவனும் ஆமாம் என்றே சொல்லி வைத்திருக்கிறான். அன்று மாஹிமில் நிஜமாகவே எழுந்து நின்று அவனுக்குக் கைதட்டியவர்கள் ஹால் கொள்ளாமல் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் சத்தம்கூட இன்று எங்கேயும் இல்லை.