ஓவசியர் வீட்டுப் பள்ளியறை

உலகத்தில் வயலுக்கு வாய்க்கால் வெட்டியவர்கள் கோடிப் பேர் இருப்பார்கள். படுக்கை அறைக்குள் வாய்க்கால் வெட்டிய ஒரே மனிதர் எங்கள் ஓவசியர்தான். சந்தேகம் உள்ளவர்கள் என்னிடம் வரலாம். நான் அதைக் கண்ணால் கண்டவன். அதில் வழுக்கி விழுந்தவனும் நானேதான்.

வன்னியில் இருக்கும் வட்டக்கச்சியில் அவரை எவரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. குளத்துத் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் ஓவசியராக முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோகம் அவரை விட்டாலும் நீர்மட்டம் அவரை விடவில்லை. ஒரு முழ நீளக் கட்டை, நடுவில் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு சொட்டுக் காற்றுக் குமிழி. குமிழி நடுவில் நின்றால் தரை சமம், விலகினால் சரிவு. அந்தக் கட்டையைச் சைக்கிள் பாரில் கட்டிக்கொண்டு திரிவார். தேத்தண்ணிக் கடைக்குப் போனால் மேசையில் வைத்துப் பார்ப்பார். கலியாண வீட்டில் மணவறையில் வைத்துப் பார்ப்பார். ஒரு செத்தவீட்டில் பாடையிலும் வைத்துப் பார்த்துவிட்டு, "தலைமாடு அரை இஞ்சு பதிஞ்சு கிடக்கு. மனுசன் என்னண்டு நிம்மதியாப் போறது?" என்று கேட்டார். அழுதுகொண்டிருந்தவர்கள்கூட அழுகையை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார்கள்.

நான் அப்போது அங்கே கூட்டுறவுச் சங்கக்கடையில் கிளார்க். என் வீடு யாழ்ப்பாணத்தில். ஓவசியர் வீட்டோடு ஒட்டிய சாய்ப்பில் குடியிருந்து, மாமியின் கையால் மூன்று நேரமும் சாப்பிட்டுக் கொழுத்துக்கொண்டிருந்தேன். மாமி என்பது ஓவசியரின் மனைவி. பிள்ளைகள் இல்லை. அவா கதைப்பது குறைவு, ஆனால் கதைத்தால் ஓவசியர் வாயை மூடிக்கொள்வார்.

குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த வீடு அது. முன்னால் பெரிய ஹோல், உள்ளே ஒரே ஒரு அறை, பின்னால் குசினி. ஹோலில் பன்னிரண்டு கதிரைகளும் ஒரு நீள வாங்கும். உத்தியோக காலத்தில் தண்ணீர்ச் சண்டை பிடிக்கிற கமக்காரர் எல்லாரும் அங்கேதான் வந்து குந்துவார்களாம். ஓய்வு பெற்ற பிறகு ஒரு காகமும் வரவில்லை. ஆனாலும் அந்த ஹோல் "வாறவைக்கு" என்று வெறுமையாகவே கிடந்தது. அறை முழுக்க அவர்களின் வயல் நெல் மூட்டை. மூட்டைகளுக்கு நடுவே ஒரு பாய் விரிக்கிற அளவு இடைவெளி இருந்தது. அதுதான் இருபத்தைந்து வருடமாக மாமியின் படுக்கை. ஓவசியர் விறாந்தையில் சாக்குக் கட்டிலில் படுப்பார்.

நெல்லின் சுணையும் தூசியும் மாமிக்கு ஒத்துவரவில்லை. மூச்சு இழுப்பு வந்தால் பழைய சைக்கிள் பம்ப் அடிப்பதுபோலச் சத்தம் கேட்கும். மருந்து எடுக்கப் போன இடத்தில், "நெல்லுப் பக்கத்திலை படுக்கக் கூடாது. படுத்தால் இது நெஞ்சோடை நிண்டிடும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

"அதுக்கென்ன, பாயைத் தூக்கி ஹோலிலை போட்டால் சரிதானே?" என்றேன் நான்.

ஓவசியர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆரும் வந்து போற இடத்திலை ஒரு மனுசி என்னண்டு தம்பி படுக்கிறது? அறை எண்டால் அறையா இருக்கவேணும். கட்டில் வேணும், யன்னல் வேணும், கதவைச் சாத்தினால் உலகம் வெளியிலை நிக்கவேணும். இந்த ஹோலைத்தான் நான் அவவுக்கு அறையாக்கப் போறன்."

அறுபது தாண்டிய தம்பதிக்குக் கட்டிலோடு தனி அறை! எங்கள் பக்கத்தில் அந்த வயதில் புருசன் விறாந்தையிலும் பெண்சாதி குசினிப் பக்கமுமாகப் படுப்பதுதான் மரியாதை. சங்கக்கடையில் இந்தக் கதையை அவிழ்த்துவிட்டவன் நான். அதோடு நின்றேனா? அந்த அறைக்குப் 'பள்ளியறை' என்று பெயரும் வைத்தேன். கோயிலில் சுவாமியும் அம்மனும் துயில்கொள்ளும் அறையின் பெயர். ஒரே கிழமையில், ஏழே நாளில், ஊர் முழுக்க அதே பேச்சு. சீனி வாங்க வந்த மாமியிடம் ஒருத்தி, "என்ன மாமி, பள்ளியறைப் பூசை எப்ப?" என்று கேட்டாள். மாமி சீனியை வாங்காமலே திரும்பிப் போனா. நானும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தேன். இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஓவசியர் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கதிரைகளைக் கோயிலுக்குக் கொடுத்தார். மூட்டை இழுத்து இழுத்துக் குழி விழுந்திருந்த பழைய தரையை இடித்தார். யுத்தம் நடந்த அந்த நாளில் வன்னிக்குள் சீமெந்தைக் கண்டால் கும்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும், அவ்வளவு தட்டுப்பாடு. அதனால் புற்றுமண்ணையும் சுண்ணாம்பையும் குழைத்து, பதினெட்டு நாள் முழங்காலில் நின்று தரை போட்டார். போட்டு முடிந்தபோது முகம் பார்க்கலாம்போல இருந்தது.

நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினோம். மாமி வாசலில் ஒரு எலுமிச்சங்காயை, எங்கள் பேச்சில் தேசிக்காயை, வைத்தா. அது சும்மா இருக்கவில்லை. மெல்ல உருண்டது, அறையைக் குறுக்காகக் கடந்தது, சுவரில் முட்டித் திரும்பியது, சுவரோரமாகவே போய் மூலையில் இருந்த ஒரு ஓட்டையால் வெளியேறி முற்றத்தில் போய் நின்றது. பால் செம்போடு நின்ற நான் அதைப் பிடிக்கப் பாய்ந்து, வழுக்கி விழுந்தேன். கொட்டிய பாலும் தேசிக்காய் போன வழியே ஒழுங்காக ஓடி, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வெளியே போனது.

ஓவசியருக்கு முகமெல்லாம் பெருமை. "பாத்தியளே? பத்தடிக்கு ஒரு இஞ்சு வாட்டம். தண்ணி நிக்கவே நிக்காது!"

மாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டா. "இஞ்சாருங்கோ, நான் இதுக்குள்ளை படுக்கப் போறனோ, நெல்லு விதைக்கப் போறனோ?"

முப்பது வருடப் பழக்கம்! மனிதர் நீர்மட்டத்தை வைத்து அளந்து அளந்தே அந்தச் சரிவை விட்டிருக்கிறார். விசயம் உறைத்ததும் மண்வெட்டியை எடுத்துவிட்டார். மாமி தடுத்தா. "பரவாயில்லை விடுங்கோ. நான் இப்பிடியே படுக்கிறன். எனக்கு அந்தத் தூசியிலையிருந்து வெளியிலை வந்தால் காணும், வேறை ஒண்டும் வேண்டாம்."

"என்ரை வீட்டிலை என்ரை மனுசி சரிவிலை படுக்கிறதோ? ஊர் என்ன சொல்லும்?" என்றார் ஓவசியர். ஊர் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்ததை நான் அவருக்குச் சொல்லவில்லை.

அன்றைக்கே மாமியைப் படுக்க விட்டிருக்கலாம். நானாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். எனக்கு வேடிக்கை பார்ப்பதுதான் பெரிதாக இருந்தது.

தரை இரண்டாம் தரம் போட்டு முடிய அடுத்த போகமும் வந்துவிட்டது. பிறகு யன்னல். வயல் பக்கம் வைத்தார், நெற்கதிரைச் சூடு அடிக்கும்போது அந்த வழியாலும் தூசி வரும் என்று கண்டுபிடித்து, அதை அடைத்து மற்றச் சுவரில் வைத்தார். பிறகு கட்டில். பாலை மரத்தில், ஒரு குடும்பமே படுக்கக்கூடிய கட்டில். அதன் சட்டங்களை அறைக்குள் வைத்தே பொருத்திப் பூட்டினார். பூட்டி முடிந்த பிறகுதான் தெரிந்தது, அகலமாக இருந்த வாசலை அவர் ஏற்கெனவே ஒற்றைக் கதவுக்குச் சுருக்கிவிட்டிருந்தார். கட்டில் இனி அந்த அறையை விட்டு வெளியே வராது.

"இதை என்னண்டு ஓவசியர் வெளியிலை எடுக்கிறது?" என்று கேட்டேன்.

"ஏன் தம்பி எடுக்கவேணும்? நாங்கள் எங்கை போகப் போறம்?"

இவ்வளவுக்கும் மாமி அதே மூட்டைகளுக்கு நடுவில்தான் இழுத்துக்கொண்டு கிடந்தா.

ஒருவழியாக எல்லாம் முடிந்தது. ஓவசியர் தேசிக்காயை நடு அறையில் வைத்தார். அது வைத்த இடத்தில் அசையாமல் இருந்தது. குடிபுக வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தாகிவிட்டது. மாமி புதுப் படுக்கை விரிப்பு இரண்டைத் தோய்த்துக் கொடியில் போட்டா. அன்றைக்கு அவா ஏதோ பாட்டை முணுமுணுத்ததை முதல் தரமாகக் கேட்டேன்.

அது புதன்கிழமை. அன்று மத்தியானம் எங்கள் வீட்டார் வந்து சேர்ந்தார்கள். சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே எழும்பி நீரேரி கடந்து வன்னிக்கு வந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அப்பா, அம்மா, அக்கா, அத்தான், அக்காவின் கையில் நாற்பது நாள் குழந்தை. சேறும் உப்புமாக முற்றத்தில் வந்து நின்றார்கள். ஊரில் ஒரு வீடும் காலியாக இல்லை.

ஓவசியர் "வாங்கோ, வாங்கோ" என்றபடி ஓடிவந்தார். அவர் வேறு ஏதாவது ஒழுங்கு சொல்லியிருப்பார், அவர் அப்படிப்பட்ட ஆள். ஆனால் நான் அவரைக் கதைக்க விடவில்லை. அவசரப்பட்டு முந்திக்கொண்டேன்.

"ஓவசியர், பச்சைப் பிள்ளையோடை வந்திருக்கினம். உந்தப் புது அறையை ரண்டு கிழமைக்குத் தாங்கோ. நீங்கள் ரண்டுபேரும் பழைய இடத்திலை பழகின ஆக்கள்தானே."

பழகின ஆக்கள்தானே. இருபத்தைந்து வருடமாக மூச்சு முட்டிய மனுசியைப் பார்த்து நான் சொன்ன சொல் அது.

ஓவசியர் மாமியைப் பார்த்தார். மாமி கொடிக்குப் போய் அந்த இரண்டு விரிப்பையும் எடுத்து வந்து, கட்டிலில் விரித்து, சுருக்கம் இல்லாமல் கையால் தடவினா. ஓவசியர் நீர்மட்டத்தைக் கட்டிலில் வைத்துக் குனிந்து பார்த்தார். "சரி, மட்டமா இருக்கு. பிள்ளையைக் கிடத்துங்கோ" என்றார்.

இரண்டு கிழமை பத்து மாதமாக நீண்டது. அந்தக் கட்டிலில் எங்கள் ஆட்கள் ஐந்து பேரும் குறுக்காகப் படுத்தார்கள். யன்னலில் அத்தானின் தோய்த்த சாரம் காய்ந்தது. குழந்தை மூத்திரம் பெய்தால் அது ஓடாமல் நடு அறையில் குளமாக நிற்கும். ஓவசியர் எட்டிப் பார்த்து, "அண்டைக்கு அந்த வாட்டத்தை விட்டிருந்தால் இது இப்ப முற்றத்திலை நிண்டிருக்கும்" என்பார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்போம். மாமியும் சிரிப்பா, சிரித்தால் இழுப்பு வரும், எழும்பி உள்ளே போய்விடுவா.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா காதைக் கொடுத்துக் கேட்டார். "அந்த மனுசி இப்பிடி இழுக்குதே, என்ன வருத்தம்?"

"அது பழைய வருத்தம் அப்பா" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தேன். சோறு போட்டதும் அந்த மனுசிதான்.

பிறகு ஷெல் சத்தம் கிட்டக் கிட்ட வந்தது. வட்டக்கச்சியும் எழும்பியது. உழவு றைக்ரரின் பெட்டியில் சாமான் ஏற்றினோம். நெல் மூட்டையில் இரண்டைத்தான் ஏற்ற முடிந்தது. கட்டில் வாசலால் வரவில்லை. நான் வாளோடு போய், "அறுக்கட்டோ?" என்று கேட்டேன்.

"வேண்டாம். அது அங்கையே இருக்கட்டும்" என்றார் ஓவசியர்.

எல்லோரும் ஏறியாகிவிட்டது, மாமியைக் காணவில்லை. தேடிக்கொண்டு உள்ளே போனேன். அறையில் அந்தக் கட்டிலின் நுனியில் அவா உட்கார்ந்திருந்தா. அந்த அறை கட்டிய பிறகு அதில் அவா முதல் தரம் உட்கார்ந்தது அப்போதுதான். உள்ளங்கையால் பலகையைத் தடவிப் பார்த்தா.

"நல்ல மட்டமாத்தான் தம்பி செய்திருக்கிறார்" என்றா. பிறகு எழும்பி வந்து கதவைச் சாத்தினா.

போகிற வழியில் பிரிந்துவிட்டோம். எங்கள் குடும்பம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியது, அவர்கள் விசுவமடுப் பக்கம் போனார்கள். ஐந்தாறு மாதம் கழித்து விசாரித்துக்கொண்டு சைக்கிளில் போனேன். வழி நெடுகச் சொல்லவேண்டியதைப் பாடமாக்கிக்கொண்டு போனேன். 'மாமி, நான் அண்டைக்கு அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது.' இவ்வளவுதான் பாடம்.

தறப்பாள் கூரை போட்ட கொட்டில். வாசலில் ஓவசியர் குந்தியிருந்தார், பக்கத்தில் நீர்மட்டம். உள்ளே பார்த்தேன். இருந்த இடமே ஒரு மாட்டு வண்டி நிற்கிற அளவு. அதில் முக்கால் பங்கை உரப்பைகளைத் தைத்து மறைத்திருந்தார். மறைப்புக்கு ஒரு கதவு, கதவுக்கு ஒரு கொளுக்கி. மிச்சக் கால் பங்கில் அடுப்பு, பானை, அவருடைய சாக்கு.

"ஓவசியர்!" என்று நான் வழக்கம்போலக் கத்தினேன்.

அவர் பதறிப்போய் விரலை உதட்டில் வைத்தார். "மெல்லக் கதையும் தம்பி. மாமி அறைக்குள்ளை நித்திரை."

"இழுப்பு எப்பிடி?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இப்ப குறைவு. நெல்லு மூட்டையளை விட்டிட்டு வந்ததிலை அந்த ஒரு நன்மை" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு சரியாக வரவில்லை. "முந்தியே மூட்டையளை வெளியிலை போட்டிட்டு அவவை அந்தப் பழைய அறையிலையே படுக்க விட்டிருக்கலாம். எனக்குத்தான் அது ஓடேல்லை. நான் தரையை அளந்துகொண்டு இருந்திட்டன்."

பாடமாக்கி வந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, பக்கத்துத் தரையைத் தட்டி, இரும் என்றார். சொல்லாமலே இருந்துவிட்டேன். இன்றுவரை சொல்லவில்லை.

மாமி எழும்பும்வரை இரண்டு பேரும் அந்த வாசலில் குந்திக்கொண்டு குசுகுசுவென்று கதைத்தோம். அவவின் வீட்டில் இரண்டு வருடம் இருந்து சோறு தின்றவன் நான். மாமி நித்திரை என்று குரலைத் தாழ்த்தியது அன்றைக்குத்தான்.