பாசிட்ரான் சாரும் என் ஸ்கேனும்

கரண்ட் போனாலும், மாப்பிள்ளை கோபித்துக்கொண்டாலும், அதற்கான காரணத்தை வானத்திலிருந்து இறக்கித் தரக்கூடிய ஒரே மனிதர் நெய்வேலியில் எங்கள் பக்கத்து குவார்ட்டர்ஸ் பாசிட்ரான் சார்தான். ஸ்டோர்ஸில் வேலை. பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டுமே தெரியும்.

ஷிப்ட் முடிந்து வந்து நான் ஈசிசேரில் சாய்ந்தால் போதும், வேலிக்கு மேல் அவர் தலை தெரியும்.

"சார், வானத்துலேர்ந்து எதிர்ப்பொருள் வந்துகினே இருக்குதுங்க. பாசிட்ரான். எலக்ட்ரானுக்கு நேர் எதிர். கணக்குக்கு மேல வருது. எங்கேர்ந்து?"

"பண்ருட்டிலேர்ந்தா?" என்பேன். என் விஞ்ஞானம் அவ்வளவுதான்.

"தூரத்துலேர்ந்து வந்தா வழியிலயே தெம்பு போயிடும். இது தெம்பாத்தான் வருது. அப்ப பக்கத்துல யாரோ அனுப்புறாங்க. செத்துப்போன நட்சத்திரத்தோட மிச்சம், பம்பரமா சுத்திகினு இருக்கும். பல்சர்னு பேரு. அதும்மேலதாங்க எனக்குச் சந்தேகம்."

"பக்கம்னா எவ்ளோ சார்?"

"வெளிச்சத்துக்கே நூத்துக்கணக்குல வருஷம் ஆகுங்க."

குறிஞ்சிப்பாடிக்குப் போகவே அலுத்துக்கொள்கிறவன் நான். தலையை ஆட்டிவிட்டு உள்ளே நழுவிவிடுவேன்.

போன வருஷம் என் நெஞ்சு எக்ஸ்ரேயில் ஒரு புள்ளி தெரிந்தது. புற்றுநோயா என்று பார்க்க பெட் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். யூனியன் மீட்டிங்கில் முழங்குகிற நான், பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். விஷயத்தைக் கேட்டதும் பாசிட்ரான் சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அதுல போடுற ஊசி மருந்தே பாசிட்ரான் வுடுறதுதாங்க. உங்க உடம்புக்குள்ளயே எதிர்ப்பொருள்."

எனக்கு உயிர் போகிறது, இவருக்குக் கல்யாணக் களை. லீவு போட்டுவிட்டுப் பாண்டிச்சேரிக்குக் கூடவே வந்தார். ஊசி போட்ட பிறகு ஒரு மணி நேரம் தனியாகப் படுத்திருக்க வேண்டும், யாரோடும் பேசக்கூடாது என்றார் நர்ஸ். அவர் காலில் விழத் தோன்றியது எனக்கு.

ஸ்கேன் முடிந்ததும், இன்று முழுக்கக் கர்ப்பிணிகள் பக்கம் போகாதீர்கள் என்றார்கள். வீட்டில் என் மகளுக்கு எட்டாம் மாதம்.

"எங்க வூட்டுக்கு வாங்க. பாசிட்ரான் அனுப்புற ஆளு இவ்ளோ பக்கத்துல கிடைச்சா வுடுவனா" என்று இழுத்துப்போனார். தோசை கொடுத்தார். நான் மின்னுகிறேனா என்று லைட்டை அணைத்தும் பார்த்தார்.

மறுநாள் ரிசல்ட் வந்தது. எப்போதோ ஆறிய தழும்பாம், புற்றுநோய் இல்லை. வேலிக்கு ஓடிச் சொன்னேன். கேட்டதும் திரும்பி உள்ளே போய்விட்டார். ஊசியின் வேகம் தீர்ந்துவிட்ட வருத்தம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் காலையில் மொட்டைத் தலையும் சந்தனமுமாக வந்து நின்றார். மனைவி சாமி கும்பிடும்போது கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் நிற்கிற மனிதர்.

"என்ன சார் இது?"

"வெயிலுங்க" என்றார், தலையைத் தடவிக்கொண்டே.

பிழைத்தவன் நான். முறைப்படி நான்தான் முடி கொடுத்திருக்க வேண்டும். எனக்கு வழுக்கை. என் பங்கையும் சேர்த்து அவரே கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.